களஞ்சியமும் அடுத்த காம்பராவும்

2022ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி பொதுக்காலத்தின் 18ஆம் ஞாயிறாகும். அன்றைய திருப்பலியில் உலகெங்கும் போலவே நமது மலையக ஆலயங்களுக்கும் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி, விளைச்சல் மிகுந்ததால் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணிய செல்வனைப் பற்றியது (லூக்கா 12:13-21). எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. கோதுமை மாவின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சேர்த்து வைத்தவனை அறிவிலி என்று சொல்லும் உவமையை, சேர்த்து வைக்க ஒரு பிடி மாவும் இல்லாத தோட்டத்துத் தாய் ஒருத்தி எவ்வாறு கேட்டிருப்பாள்?

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2020 மார்ச் 20ஆம் திகதி கொவிட்-19 தொற்றுக் காரணமாக நாடளாவிய ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நமக்குக் கிடைத்த அறிவுரையோ இதற்கு நேர்மாறானது. உலர் உணவுகளை வாங்கி வையுங்கள், வெளியே வருவதைக் குறையுங்கள் என்றார்கள். ஒருபுறம் சேர்த்து வை என்னும் குரல். மறுபுறம் சேர்ப்பவனைக் கண்டிக்கும் மறையுரை. கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இவ்விரண்டில் எதைக் கேட்பது? 2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்ததோடு நாமும் அந்தக் கேள்வியை மறந்துவிட்டோம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கி, மண்சரிவுகள் வீதிகளைத் துண்டித்தபோது அதே கேள்வி மீண்டும் நம் சமையலறைக்குள் வந்து நின்றது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவைச் சேமித்தல் பாவமன்று. குடும்பத் தலைவிக்கும் தலைவனுக்கும் உரிய கடமை அது. யாரை விலக்கிவிட்டுச் சேமிக்கிறோம் என்பதிலேதான் பாவம் நுழைகிறது.

திருவிவிலியம் களஞ்சியத்தைப் பழிக்கவில்லை. எகிப்தில் ஏழு ஆண்டு விளைச்சலைச் சேர்த்து வைத்த யோசேப்பு ஞானமுள்ளவராகவே போற்றப்படுகிறார். பாலைநிலத்தில் மன்னாவை மறுநாளுக்கென வைத்தவர்களுடையது புழுத்துப் போயிற்று. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கும்படி கட்டளையிட்டவரும் அதே ஆண்டவர்தாம். அன்று வைத்தது கெடவில்லை (விடுதலைப் பயணம் 16). லூக்கா காட்டும் செல்வனின் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். என் விளைச்சல், என் தானியம், என் களஞ்சியம் என்று தனக்குத் தானே பேசிக்கொள்கிறான். அவனுக்கு மனைவி உண்டா, பிள்ளைகள் உண்டா, வயலில் உழைத்தவர்கள் யார் என்று எதுவுமே நமக்குத் தெரியவில்லை. அவன் பேச்சில் வேறொரு மனிதருக்கு இடமில்லை.

2020இல் நமது பகுதியில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். நாடு முழுவதும் வீட்டுக்குள் இருந்தபோதும் தேயிலைத் தோட்டங்களில் வேலை நிறுத்தப்படவில்லை. அந்நாளில் 700 ரூபா அடிப்படை நாட்சம்பளத்துக்காக நமது தாய்மார் கொழுந்துக் கூடையோடு மலையேறிக் கொண்டுதான் இருந்தார்கள். ஊரடங்கு சில மணி நேரம் தளர்த்தப்படும். அந்த நேரத்துக்குள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களுக்கு இறங்கிவந்து வரிசையில் நின்று சாமான் வாங்கித் திரும்ப வேண்டும். நகரில் இருப்பவருக்குக் கடை பத்து நிமிட நடை. மலையுச்சித் தோட்டத்தில் இருப்பவருக்கோ பஸ் ஓடாத நாளில் அது அரைநாள் பயணம். அவர் வந்து சேரும்போது கடைத் தட்டுகள் வெறுமையாய் இருந்தால், அவற்றை வெறுமையாக்கியவர் யார்?

நமது கத்தோலிக்கக் குடும்பங்கள் இவ்விரு பக்கத்திலும் உள்ளன. நகரத்தில் கடை வைத்திருப்போர், ஆசிரியர், அலுவலர் ஆகியோரின் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. சிலருடைய வீடுகளில் தனியாகப் பிரீசரும் உண்டு. லயத்தில் இருப்போருக்கோ ஓர் அறை, ஒரு குசினி, ஈரம் ஊறும் சுவர். அதற்கும் மேலாக, சம்பள நாளின் கணக்கு ஒன்றிருக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில் 10ஆம் திகதியளவில் சம்பளம், 25ஆம் திகதியளவில் முற்பணம். இரண்டு வாரத்துக்கு வாங்கி வையுங்கள் என்பவர் கையில் இரண்டு வாரத்துக்கான பணம் இருக்க வேண்டும். அது இல்லாதவர் பருப்பை நூறு கிராமாகவும் தேங்காயெண்ணெயைச் சிறு போத்தலிலும் வாங்குகிறார். அப்படிச் சிறுகச் சிறுக வாங்குபவருக்குத்தான் அதிக விலை விழுகிறது. மிகுதி கடைக்காரரின் கடன் கொப்பியில் ஏறுகிறது. கொப்பி நிறைந்தால் காதுத் தோடு அடகுக்குப் போகிறது.

இங்கே யோசேப்பின் கதையில் நாம் வழக்கமாக வாசிக்காமல் தாண்டிச் செல்லும் பகுதி ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பஞ்சம் நீடித்தபோது எகிப்து மக்கள் தானியத்துக்காக முதலில் பணத்தையும், பின்னர் கால்நடைகளையும், இறுதியில் நிலத்தையும் தங்களையுமே பாரவோனுக்கு விற்றார்கள் (தொடக்க நூல் 47). களஞ்சியம் உயிரைக் காத்தது. அதுவே மக்களை அடிமையுமாக்கியது. இதை நமது மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த தோட்டங்களையும், கங்காணியிடம் பட்ட கடனையும், அக்கடன் தீரும்வரை ஒருவரைப் பிணைத்து வைத்த துண்டு முறையையும் நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அரிசிக்காகக் கடன்படும் நிலை அதனுடன் ஒழிந்துவிடவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூப்பன் அரிசி குறைந்து, மாவும் அரிதாகி, தோட்டங்களில் பலர் பட்டினிக்கு இரையானார்கள். இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் தோட்ட மக்களோடு நின்று பணியாற்றிய காலம் அது. பின்னர் 2022இல் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் ஆய்வு செய்து, இலங்கையில் ஏறத்தாழ 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக அறிவித்தன. நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டப்புறத்திலேயே நிலைமை மோசமாயிருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் பஞ்சம் முதலில் தட்டும் கதவு மாறவில்லை.

இனி வீட்டுக் களஞ்சியத்துக்கு வருவோம். ஆன்மீகப் பகுதியில் மாவுக்கும் கருவாட்டுக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஐயாயிரம் பேர் உண்டபின் மீதித் துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்ன ஆண்டவருக்கு (யோவான் 6) அது வேலையாகவே பட்டது.

மலைநாட்டின் ஈரக்காற்றுதான் மாவுக்குப் பெரும் பகை. கடையில் வாங்கிய பையிலேயே வைத்தால் கட்டிபடும், வண்டு விழும். இறுக மூடும் தகரத்திலோ வாளியிலோ இட்டு, நிலத்திலும் சுவரிலும் படாமல் பலகையின் மேல் வைத்தல் வேண்டும். பழைய மாவின் மேல் புதிய மாவைக் கொட்டாமல் பழையதை முடித்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். நெத்தலியும் கருவாடும் அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகைபட்டு நெடுநாள் நிற்கும். வெட்டாத பூசணிக்காய் மாதக்கணக்கில் கெடாது. பலாக்கொட்டையை மணலில் புதைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. உருளைக்கிழங்கு இருட்டில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையேறினால் உணவுக்கு ஆகாது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலிருக்கும் நுவரெலியாவிலோ கரட்டும் கோவாவும் லீக்ஸும் குளிர்சாதனப் பெட்டியின்றியே பல நாட்கள் நிற்கும். அங்கே ஊரே ஒரு குளிர்சாதனப் பெட்டிதான்!

பிரீசர் வைத்திருப்போருக்கும் சில உண்மைகள் தெரிந்திருக்க வேண்டும். அது பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் இயங்க வேண்டும். மின்சாரம் நின்றால், நிறைந்த பிரீசர் கதவு திறக்கப்படாதவரை ஏறத்தாழ 48 மணி நேரம் உணவைக் காக்கும். பாதி நிறைந்தது ஏறத்தாழ 24 மணி நேரம். சாதாரணக் குளிர்ப்பகுதிக்கு நான்கு மணி நேரமே தவணை. மின்சாரம் வந்தபின், பனித்துகள் இன்னும் ஒட்டியிருக்கும் இறைச்சியை மீண்டும் உறைய வைக்கலாம். முற்றாக இளகிச் சூடேறிக் கிடந்ததை முகர்ந்து பார்த்து நல்லதென்று முடிவு செய்தல் ஆபத்து, ஏனெனில் நோய்க்கிருமிக்கு வாடை கிடையாது. 2022 மார்ச் 31ஆம் திகதி நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. ஒரு மாதத்துக்கான கோழியிறைச்சியை அடைத்து வைத்த வீடுகளுக்கு அது கவலைக்குரிய செய்தி.

அத்தகைய வேளைகளில் நம்மிடம் தோன்றும் ஒருவகைத் தாராளத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் இறைச்சியை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் பையில் கட்டிக் கொடுத்தனுப்புகிறோம். ஏழைக்குக் கொடுக்கும்போது மட்டும் அது கெடவில்லை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இதைத் தருமம் என்று எண்ண வேண்டாம். மின்வெட்டு அறிவித்தல் வந்த அன்றே, உணவு உறைந்திருக்கும்போதே, அவளுக்குக் கொடுத்திருக்கலாம். உணவை வீணே எறிவது ஏழைகளின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2013 ஜூன் 5ஆம் திகதி எடுத்துரைத்தார். கெட்டபின் கொடுப்பதைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

2020 ஏப்ரல் 12ஆம் திகதி உயிர்ப்புப் பெருவிழாவன்று நமது ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. நற்கருணை கிடைக்கவில்லையே என்று நம்மில் பலர் கண்கலங்கினோம். அந்தத் துயரம் உண்மையானது. ஆயினும் கொரிந்து நகரத்துச் சபையைப் புனித பவுல் கடிந்துகொண்டதன் காரணத்தையும் நாம் அன்று நினைத்திருக்க வேண்டும். அவர்கள் ஆண்டவரின் விருந்துக்குக் கூடினார்கள். ஆனால் வசதியுள்ளவர் தம் உணவை முந்தி உண்டுவிட, இல்லாதவர் பசியோடு இருந்தார் (1 கொரிந்தியர் 11). அப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்கிறார் பவுல். ஆலயத்தைப் பூட்டியது தொற்று. அந்த விருந்தைக் குலைப்பதற்கு நம் வீட்டு அலமாரியே போதுமானதாக இருந்திருக்கலாம்.

நான்காம் நூற்றாண்டில் செசரியாவைப் பஞ்சம் வாட்டியபோது புனித பசிலியார் தானிய வணிகரை நோக்கிக் கடுமையாகப் பேசினார். பயன்படாமல் வீட்டில் அடைபட்டிருக்கும் அப்பம் பசித்தவனுக்குச் சொந்தமானது என்பதே அவருடைய போதனை. அவர் பேச்சினால் களஞ்சியங்கள் திறந்தன. அவரும் இடையில் துணியைக் கட்டிக்கொண்டு பசித்தோருக்குப் பரிமாறினார். நம் மறையுரைகளும் அந்தத் திசையில் செல்வது நல்லது. சாரிபாத்துக் கைம்பெண்ணின் கடைசிக் கைப்பிடி மாவைக் காட்டி ஏழைத் தாயிடம் மேலும் கொடு என்று கேட்பது எளிது. தன் பங்கை ஏற்கெனவே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தேநீருடன் பிரட்டுக்களத்துக்குப் போகிறவள் அவள். கடும் உடலுழைப்பில் இருப்போரையும் கருவுற்ற தாய்மாரையும் திருச்சபை நோன்புக் கட்டாயத்தினுள் அடக்குவதில்லை என்பதைத் தவக்காலந்தோறும் அவளுக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

நம் முன்னோரிடம் பிடியரிசி என்னும் வழக்கம் இருந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். அதனை மீண்டும் தொடங்கலாம் என்பது என் யோசனை. ரொட்டியே பிரதான உணவாக உள்ள இடங்களில் அரிசியோடு மாவும் பருப்பும் சேரட்டும். பங்கு ஆலயத்தில் வைத்தால் தூரம் அதிகம். எனவே தோட்டத்து அந்தோனியார் சிற்றாலயத்திலோ, பிள்ளைமடுவத்துக்கு அருகிலோ இறுக மூடும் இரண்டு வாளிகள் போதும். சாவி இரண்டு தாய்மாரிடம் இருக்கட்டும், ஆண்களின் சங்கத்திடம் வேண்டாம். கொடுத்தவர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதுவதும், பெற்றவர் பெயரைக் கொப்பியில் பதிவதும் வேண்டாம். லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்பவர் பெரும்பாலும் சைவ சமயத்தவராயிருப்பார். அவருக்கும் அதே அளவு. திரும்பத் தரவேண்டிய கடனாக எவருக்கும் கொடுக்கலாகாது.

நகரத்துக் குடும்பங்கள் தம் பங்கைப் பெருவிழாக் காலத்துக்கென ஒத்திவைக்காமல் மாதந்தோறும் இருமுறை கொண்டுவர வேண்டும். ஒன்று 5ஆம் திகதிக்கு முன்னர், மற்றது 20ஆம் திகதிக்கு முன்னர். சம்பளமும் முற்பணமும் வருவதற்கு முந்திய அந்த நான்கைந்து நாட்களில்தான் லயத்து மாவாளியின் அடி தெரிகிறது.