புட்டி தந்த வள்ளல்கள்

ஏதிலியர் வந்திறங்கினர் என்று கேட்டால் நம் இளைஞர் உள்ளம் உருகுகிறது. உருகட்டும், உருகாத உள்ளம் நமக்கு வேண்டாம். ஆனால் உருகிய உள்ளம் ஓடிச்சென்று வாங்கி வருவது எதை? பால்பவுடர் டப்பாவை! பால் புட்டியை! ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நாம் இதை எழுதுவது அந்த ஈகையைக் கண்டிக்கவே.

2022 மார்ச்சில் இலங்கையில் 400 கிராம் பால்மா 790 ரூபாய்க்கு ஏறிற்று. அந்த மாதமே கைக்குழந்தையும் கண்ணீருமாகத் தமிழர் அரிச்சல்முனைப் பக்கம் வந்து சேர்ந்தனர். இத்தகைய தாயைக் கண்டதும், "அதிர்ச்சியில் பால் வற்றியிருக்கும், பயந்தவள் பால் பிள்ளைக்கு ஆகாது" என்பது நம்மவர் வழக்கம். விஞ்ஞானம் அவ்வாறு கூறவில்லை. அச்சம், பால் இறங்குவதைச் சற்றுத் தடுக்கும், வற்றச் செய்யாது. குழந்தை சுவைக்கச் சுவைக்கச் சுரக்கும். புட்டி வந்தால் சுவைப்பது குறையும், சுரப்பும் குறையும், பிறகு, "பார்த்தீர்களா, பாலே இல்லை!" என்பர். தோஷத்தைத் தானே கற்பித்து, பரிகாரத்துக்குத் தட்சணை கேட்கும் புரோகிதனுக்கும் இந்தப் புட்டிக்கும் என்ன வேறுபாடு?

மாவைக் கரைக்க நீர் வேண்டுமே! 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மிதந்ததைக் கண்டவர்க்கு, இடர்க்காலத்து நீரின் இலட்சணத்தை விளக்க வேண்டுமா? இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006-இல் நிலம் நடுங்கியபின், இலவசப் பால்மாவு பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயிற்றுப்போக்கு. பெறாதவரில் ஏறத்தாழ 12 பேருக்கே.

யார் யாருக்குப் பாடம் சொல்வது? 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82, தாய்ப்பால் மட்டுமே பருகின. நம் தமிழ்நாட்டில், 2019–21 கணக்கில், 55! சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரால் சேனை வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும் இன்னும் ஒழியாத நாட்டார் நாம். நாமா அவள் கையில் புட்டியைத் திணிப்பது?

சட்டமும் இதை ஒப்பவில்லை. 1992-இல் இயற்றி 2003-இல் திருத்திய நடுவண் சட்டம், அநாதை இல்லங்களுக்கன்றி மற்றவர்க்குக் குழந்தைப் பால்மாவும் புட்டியும் தானம் தருவதைத் தடுக்கிறது. மெய்யாகவே பாலில்லாத தாய்க்கும் தாயில்லாப் பிள்ளைக்கும் மாவு வேண்டியதே. அவர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். உண்டியல் ஏந்துபவர் அல்லர்.

1983 முதல் இங்கு வந்த ஈழத்தவர் வாழும் முகாம்களுக்கு 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் சூட்டினர். நல்ல பெயர், வரவேற்கிறோம். ஒற்றை அறையில் குடும்பமே ஒடுங்கும் இடத்தில், பிள்ளை பெற்றவள் எங்கே மறைவாக அமர்ந்து பாலூட்டுவாள் என்று கேட்டவர் எத்தனை பேர்? தோழர்களே, உண்டியல் நிறைந்ததும் டப்பாக் கடைக்குப் போகாதீர். தாய்க்கு அரிசியும் பருப்பும் முட்டையும் வாங்குங்கள். மறைப்புக்கு நான்கு தட்டிகள் வாங்குங்கள்.