வீடே அலுவலகமான பின்னும் நேரமில்லையா?

அலுவலகம் சென்ற நாட்களில் பயணத்தைக் காரணம் காட்டி ஜமாஅத்தைத் தவறவிட்டோம். இன்று வீட்டிலேயே வேலை. பாங்கோசை மேசை வரை வருகிறது. இப்போதும் 'நேரமில்லை' என்பது நேர்மையா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பணிகளில் உதவுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாமோ இரண்டையும் செய்வதில்லை. பகலைக் கைபேசியில் கழித்துவிட்டு, நள்ளிரவு வரை மடிக்கணினி முன் அமர்ந்து, ஃபஜ்ரை இழக்கிறோம். இது உழைப்பன்று, ஊதியம் பெறும் நேரமெனும் அமானிதத்திற்குச் செய்யும் மோசடி. உடலுக்கும் மனைவி மக்களுக்கும் நம்மீது உரிமை உண்டு.

சகோதரர்களே! லுஹர் பாங்கு ஒலித்ததும் எழுந்து பள்ளிவாசலுக்கு நடந்து செல்லுங்கள். முதுகும் நிமிரும், மனமும் தெளியும். இஷாவுக்குப் பின் மடிக்கணினியை மூடிவிடுங்கள்.