காரு நிக்கலே... காசு எப்படி நிக்கும்?

சனிக்கிழமை வந்தால் போதும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கின்றன. வழியில் மரக்காணம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். சிலர் வண்டியை ஓரங்கட்டுவார்கள். ஒரு போட்டோ. அஞ்சே நிமிஷம். அப்புறம் கிளம்பிடுவாங்க!

ஊருக்கு என்ன மிச்சம்? புழுதியும் காலி பாட்டிலும்தான்.

பார்க்க ஒன்றுமில்லாத ஊரா அது? பக்கத்திலேயே கழுவேலி உவர்நீர் ஏரி. பரப்பு 5,151 ஹெக்டேர். 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சர்' ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகளோடு பூமீசுவரர் கோயில். வடக்கே ஆலம்பரைக் கோட்டை.

இன்னொன்றும் உண்டு. உப்பு வெயிலில் விளைவது. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி முழுகும். தொழிலாளிக்கு வேலை நிற்கும். அதே பருவத்தில்தான் கழுவேலிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன! பறவை பார்க்க வருகிறவர் அரை நாள் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, வழிகாட்டிக்குக் கூலியும் கொடுத்தால் உப்பளக் குடும்பத்தில் அடுப்பு எரியும்.

அதற்கு முதல் வேலை, கணக்கு. எந்த நேரத்தில் எந்தச் சரக்கு போகும் என்று தெரியாத கடைக்காரர் உண்டா? எத்தனை கார் போகுது என்பது மட்டும் போதாது. எங்கே நிற்குது? எவ்வளவு நேரம்? அடுத்து எங்கே போகுது? இது தெரியணும்.

இத்தாலியின் வெனிஸ் நகரம் செல்போன் சிக்னலை வைத்தே கூட்டத்தைக் கணக்கெடுக்கிறது. கூட்டம் மிகுந்த நாட்களில், பகலில் வந்து போவோருக்கு 2024-ல் 5 யூரோ கட்டணமும் வைத்தது. மரக்காணத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். நாலு இடத்தில் நாலு மாணவர்கள், கையில் நோட்டு. சனி, ஞாயிறு எண்ணினால் போதும். யார் பேரும் வேண்டாம், எண்ணிக்கைதான் வேண்டும்.

கணக்குப் பார்க்காமல் கட்டினால் என்ன ஆகும்? ஆள் நிற்காத இடத்தில் கட்டிய கழிப்பறையில் பூட்டுத் தொங்கும். பறவை மேயும் இடத்தில் கார் நிறுத்தம் போட்டால் பறவை பறந்துடும். அப்புறம் யாரைப் பார்க்க ஜனம் வரும்?

சுற்றுலாத் துறையும் வனத்துறையும் விழுப்புரம் மாவட்ட நிர்வாகமும் வருகிற மழைக்காலத்திலேயே எண்ணத் தொடங்கட்டும். உப்பு விளையும் ஊர் விஷயத்தில், உப்புப் பெறாத காரணம் சொல்லித் தள்ளிப்போட வேண்டாம்!