மூக்கு எவருடையது?

‘மூக்கையும் இயந்திரமாக்கிவிட்டார்கள்!’ என்று சிலர் வியக்கின்றனர். வேறு சிலர் நகைக்கின்றனர். நாம் வியக்கவுமில்லை, நகைக்கவுமில்லை. அம்மூக்கு எவருடைய மூக்கு என்றே வினவுகின்றோம்.

கட்டுக்கரைக் குளத்து நீரால் விளைந்த நெல்லை விற்க நிற்கும் திருக்கேதீஸ்வரத்துக் கமக்காரன் காண்பது யாது? வாங்க வந்தவர் மூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார், முகர்கிறார், ‘பூஞ்சண மணம் அடிக்கிறது’ என்கிறார். அந்தக் கணமே விலை வீழ்கிறது. பேசாலைக் கருவாட்டுக்கும் இதே கதிதான். விற்பவனுக்கும் மூக்குண்டு, ஆயினும் விலை பேசுவது வாங்குபவனின் மூக்கே! நிறைக்கு முத்திரையிட்ட தராசு உண்டு. நெல்லின் ஈரப்பதத்துக்கு நெல் சந்தைப்படுத்தும் சபையின் 14 சதவீதம் என்ற எல்லையேனும் உண்டு. மணத்துக்கு யாதுண்டு?

இந்த இடத்திலேதான் ‘இலத்திரனியல் மூக்கு’ வந்து நிற்கிறது. 1982 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வோறிக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜோர்ஜ் டொட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வே இதற்கு வித்து. வெள்ளீய ஒட்சைட்டுப் போன்ற பொருள்களாற் செய்த உணரிகள் பல ஒரு பெட்டியுள் அமைக்கப்பட்டிருக்கும். பண்டத்தினின்று எழும் ஆவி பட்டதும் ஒவ்வோர் உணரியின் மின்தடையும் வெவ்வேறு அளவில் மாறும். அம்மாற்றங்களின் கோலமே அப்பண்டத்தின் மணத்துக்கு அடையாளம். ஆனால் எக்கோலம் நன்று, எக்கோலம் தீது என்பதைப் பெட்டி தானாக அறியாது. அதற்கு ஒருவர் முன்னரே கற்பித்திருக்க வேண்டும்.

வழக்கின் உயிர்நிலை இதுவே. கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனத்தார் கறுப்புத் தேயிலையைத் தரம் பிரிக்க இத்தகைய கருவியொன்றை ஆக்கினர். அதற்கு வழிகாட்டியவை தேயிலைச் சுவைஞர் இட்ட புள்ளிகள். கொழுந்து பறித்தவளின் மூக்கை எவரும் கேட்டிலர். சுவீடனில் 1996 இல் வெளிவந்த தானிய ஆய்வொன்றிலும் கருவிக்கு உரைகல்லாக நின்றது தானியப் பரிசோதகரின் மூக்கே. ஆகவே, ‘இயந்திரத்துக்குச் சாதியுமில்லை, கட்சியுமில்லை, அது நடுநிலை வழுவாது’ என்று கூறுவோர் பாதி உண்மையே கூறுகின்றனர். அது நீதிபதியன்று, கற்பித்தவரின் சாட்சியத்தை ஒப்புவிக்கும் கிளிப்பிள்ளை. வாங்குபவரின் மூக்கை மாதிரியாகக் கொண்டு பயிற்றினால், நேற்றுவரை அவர் வாயாற் சொன்ன அநீதியை நாளை எண்ணாக அச்சடித்துத் தரும். மனிதனைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எண்ணை எங்ஙனம் செய்வது?

‘அப்படியாயின் இந்தச் சனியனே வேண்டாம்’ என்பாரும் உளர். அது தோற்றவர் பேச்சு. திருக்கேதீஸ்வரத்தைச் சூழ்ந்த மாந்தைத் துறையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில் மிளகோடு ஒரு கிராம்பும் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதென்று கணித்துள்ளனர். அக்காலத்தில் கிராம்பு விளைந்ததோ தொலைதூரத்து மலுக்குத் தீவுகளில்! மணத்துக்கு விலை வைத்து வாணிகம் கண்ட ஊரார், மணத்தை அளக்கும் கருவிக்கு அஞ்சுவதா?

கருவி வரட்டும். ஆனால் அது தனி வியாபாரியின் மேசைமீதன்று, எமது கூட்டுறவுச் சங்கங்களின் கையில் வரட்டும். கற்பிக்கும் மாதிரிகள் எமது வயல்களிலும் வாடிகளிலும் எடுக்கப்படட்டும். தரம் சொல்லும் குழுவில் விளைவித்தவனும் வலை இழுத்தவனும் சரிபாதியாக அமரட்டும். இவ்வுணரிகள் ஈரக்காற்றில் தடுமாறுவன. நாட்செல்ல அளவு பிசகுவன. கொழும்பில் குளிரூட்டிய அறையில் திருத்திய பெட்டியை மன்னார்க் கடற்காற்றில் அப்படியே நம்புதல் மடமை.

1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் தராசைப் பரிசோதிக்க வழி செய்கிறது. விலையைத் தீர்மானிக்கும் மணக்கருவிக்கும் அத்தகைய பரிசோதனை வேண்டும். கருவி காட்டிய முடிவு விற்பவன் கையில் எழுத்தில், தமிழில், கொடுக்கப்பட வேண்டும். அவன் மறுத்தால், முத்திரையிட்டு வைத்த இரண்டாவது மாதிரியை வேறிடத்தில் சோதிக்கும் உரிமை வேண்டும்.

கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன்னரே இவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றி, வன்னிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கையளிக்க வேண்டுமென்று கோருகின்றோம்.