கல்லீரல் காத்திருப்போர் பட்டியலில் சேர ஊர் தடையாகலாமா?

அனுப்புநர்: தென் மாவட்டக் கல்லீரல் நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம்

பெறுநர்: செயலர், மக்கள் நல்வாழ்வுத் துறை, உறுப்பினர் செயலர், தமிழ்நாடு உடல் உறுப்பு மாற்று ஆணையம்

பொருள்: கல்லீரல் மாற்றுக்கான பதிவு வசதியை மாவட்டங்களுக்குக் கொண்டுவரக் கோருதல்

மதிப்பிற்குரியீர்,

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்வதற்கு 2008-ல் முறையான திட்டம் வகுத்து, பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது தமிழ்நாடு. பட்டியலில் இடம்பெற்றவருக்கு இங்கே விதிகள் உண்டு. அந்தப் பட்டியலுக்குள் வந்து சேரும் வழிதான் பலருக்கு இல்லை.

உறுப்பு மாற்று உரிமம் பெற்ற மருத்துவமனை பரிசோதித்துப் பரிந்துரைத்தால்தான் பெயர் பதிவாகும். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சையில் நீண்ட அனுபவம் ஸ்டான்லி உள்ளிட்ட சென்னை மருத்துவமனைகளுக்கே உண்டு. நாகர்கோவிலில் இருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, உட்காரவே முடியாத ஒருவர் ஸ்கேனுக்கு ஒருமுறை, இதயப் பரிசோதனைக்கு ஒருமுறை என்று அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. கூட வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும். அறுவைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது; அறுவை வரை போய்ச் சேரும் செலவைக் குடும்பமே சுமக்கிறது.

செலவை அரசே ஏற்றாலும் தூரம் உயிரைப் பறிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று இருக்கிறது. அங்கு முன்னாள் படைவீரர்களுக்கு அரசே மருத்துவமனைகள் நடத்துகிறது. அவற்றில் சிகிச்சை பெற்ற சுமார் 50,000 கல்லீரல் நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 2014-ல் ஜாமா இதழில் வெளியானது. மாற்று மையத்திலிருந்து தொலைவில் வசித்தவர்கள் பட்டியலில் சேர்ந்தது குறைவு, இறந்தது அதிகம். வசதி உள்ளவருக்கோ தூரம் பொருட்டல்ல. கலிபோர்னியாவில் வசித்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2009-ல் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் கல்லீரல் பெற்றார்.

எந்த மாநிலத்திலும் பதிவு செய்யலாம் என்று 2023-ல் மத்திய அரசு இருப்பிட நிபந்தனையை நீக்கியது. நல்ல முடிவுதான். ஆனால் பயணம் செய்ய முடிந்தவருக்கே அது பயன்படும்.

இன்னொன்றையும் சங்கம் வேதனையோடு சுட்டிக்காட்டுகிறது. மாவட்டங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கொடையாளரின் உறுப்புகள் எடுக்கப்படுகின்றன. விபத்தில் மகனை இழந்த குடும்பம் அங்கே கையெழுத்திடுகிறது. உறுப்பை எடுக்க முடிகிற அதே மருத்துவமனையில், உறுப்புக்காகக் காத்திருப்பவரின் பெயரைப் பதிய ஏன் முடியக் கூடாது?

நோயின் தீவிரத்தைக் காட்டும் மெல்டு மதிப்பெண்ணுக்குத் தேவை பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர், சோடியம் ஆகிய ரத்த அளவுகள். மாவட்டத் தலைநகரிலேயே இவற்றைப் பார்க்கலாம். ஆகவே மதிப்பெண் 15-ஐத் தொட்டவரைக் கட்டாயம் பரிந்துரைக்க ஆணையிட வேண்டும். முதற்கட்டப் பரிசோதனைகள் அனைத்தையும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியிலேயே முடித்து, மாற்று மைய மருத்துவர்கள் காணொலியில் கலந்தாலோசிக்க வேண்டும். நேரில் போவது தவிர்க்க முடியாதபோது நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பயணப்படியும் தங்குமிடமும் தேவை. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் பதிந்தனர், எத்தனை பேர் காத்திருந்தே இறந்தனர் என்ற கணக்கைப் பெயர் விவரமின்றி ஆண்டுதோறும் வெளியிடவும் சங்கம் கோருகிறது.

இவை குறித்து நேரில் விளக்க நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மனுவின் நகல் மருத்துவக் கல்வி இயக்குநருக்கும் அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்