குறட்டையை அலட்சியப்படுத்தலாகாது

உரத்த குறட்டையுடன் உறங்குபவரைக் கண்டால், ‘உழைத்த களைப்பில் நிம்மதியாக உறங்குகின்றார்’ எனக் கூறிக் கடந்துவிடுவது நமது சமூகங்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். ஆயினும் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, சிறிது நேரத்தின் பின்னர் திணறலுடன் மீண்டும் தொடங்குமாயின், அது நிம்மதியான உறக்கமன்று, நோயின் அறிகுறியாகும். இந்நோய் இதயத்தின் துடிப்பையே ஒழுங்கு குலையச் செய்யக்கூடியது என்பது இன்னமும் பலர் அறியாத உண்மையாகும்.

உறக்கத்தின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக் கொள்வதையே வைத்தியர்கள் ‘சிலீப் அப்னியா’ என அழைக்கின்றனர். குறைந்தது 10 செக்கன்களுக்கு மூச்சு தடைப்படுவது ஒரு தடவையாகக் கணக்கிடப்படும். மணித்தியாலத்துக்கு 5 தடவைகளுக்கு மேல் இவ்வாறு நேர்ந்தால் அது கவனிக்கப்பட வேண்டியதாகும். 30 தடவைகளோ அதற்கு மேலோ நேர்ந்தால் தீவிர நிலையாகும். உலகில் 30 முதல் 69 வயது வரையானோரில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு இக்குறைபாடு இருக்கலாமென 2019 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

மூச்சு தடைப்படும் ஒவ்வொரு தடவையும் குருதியில் ஒட்சிசனின் அளவு குறைகின்றது. அடைபட்ட பாதையினூடாக மூச்சை இழுக்க முயலும்போது நெஞ்சறையின் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் இழுபடுகின்றன. உடல் அபாயத்தை உணர்ந்து விழித்தெழுவதால் குருதி அமுக்கம் திடீரென உயர்கின்றது. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவைகள், ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நிகழும்போது சோணையறைகள் விரிவடைந்து தழும்பேறுகின்றன. அதன் விளைவாக அவை சீராகச் சுருங்காது நடுங்கத் தொடங்குகின்றன. ‘ஏற்றியல் பிப்ரிலேஷன்’ எனப்படும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு இதுவேயாகும். நடுங்கும் சோணையறையில் குருதி தேங்கிக் கட்டியாகி மூளையைச் சென்றடைந்தால் பாரிசவாதம் ஏற்படும். இத்துடிப்புக் குறைபாடு உள்ளோருக்குப் பாரிசவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமென்பது அமெரிக்காவின் பிரமிங்ஹாம் ஆய்வின் முடிவாகும்.

தீவிர மூச்சுத் தடை உடையோரிடம் இத்துடிப்புக் குறைபாடு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுவதாக 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு தெரிவித்தது. துடிப்பு சீராக்கப்பட்ட நோயாளர்களை அவதானித்த 2003 ஆம் ஆண்டின் சிறிய ஆய்வொன்றில், மூச்சுத் தடைக்குச் சிகிச்சை பெறாதோரில் 82 வீதமானோருக்கும், பெற்றோரில் 42 வீதமானோருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. எனினும், மூச்சுக் கருவிச் சிகிச்சையால் மட்டும் துடிப்புக் குறைபாடு தணியவில்லை என 2021 ஆம் ஆண்டு வெளியான நோர்வேப் பரிசோதனை காட்டியதையும் மறைப்பதற்கில்லை. உடற்பருமன், உயர் குருதி அமுக்கம், நீரிழிவு ஆகியவற்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்த வேண்டுமென்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பிரதேசத்தில் இவ்விடயம் கூடுதல் கவனத்துக்குரியது. சீனக்குடாவின் மா ஆலையிலிருந்தும் சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்தும் பாரமேற்றிய லொறிகள் நாட்டின் நாலா திசைகளுக்கும் செல்கின்றன. இரவு முறை வேலையில் ஈடுபடுவோரும், நள்ளிரவில் கடலுக்குச் செல்லும் மீனவர்களும் இங்கு ஏராளம். பகலில் கண்ணயர்வது வேலையின் இயல்பான களைப்பென்றே இவர்கள் எண்ணுவர். லொறிச் சாரதி ஒருவர் கண்ணயரும் சில செக்கன்கள், வீதியில் செல்லும் மற்றையோரின் உயிரையும் பறிக்கக்கூடும்.

இந்நோய்க்கு முதற்சாட்சி நோயாளியல்லர், அருகில் உறங்கும் துணைவியோ துணைவரோ ஆவார். அவர்களது முறைப்பாட்டைக் கேலியாகக் கொள்ளலாகாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்நோய் அதிகரிக்கின்றது. ஆனால் பெண்ணின் குறட்டையை வெளியில் சொல்ல வெட்கப்படும் குடும்பங்களே அதிகம். ரமழான் மாதத்தில் தறாவீஹ் தொழுகைக்கும் ஸஹருக்கும் இடையே உறக்கம் குறைவதால் பகலில் அயர்வு ஏற்படுவது இயல்பே. ஏனைய மாதங்களிலும் அது தொடருமாயின் காரணத்தைத் தேடியாக வேண்டும்.

வடமாகாணத்தில் இத்துடிப்புக் குறைபாடு குறித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துடன் இணைந்து ஆய்வு நடத்தியமை வரவேற்கத்தக்கது. கிழக்கிலும் இத்தகைய முயற்சி அவசியமாகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உயரம், நிறை, குருதி அமுக்கம், சீனி ஆகியன பரிசோதிக்கப்படும் அரச ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், குறட்டை பற்றிய வினாவையும், கழுத்தின் சுற்றளவையும், நாடித்துடிப்பு சீராக உள்ளதா என்ற சோதனையையும் சேர்ப்பதற்கு ஓர் அளவுநாடாவும் சில நிமிடங்களுமே போதுமானவை. கனரக வாகனச் சாரதிகளுக்கு மருத்துவச் சான்றிதழ் வழங்கும்போதும் இது கட்டாயமாக்கப்படல் வேண்டும்.

2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் மூதூர், கிண்ணியா மக்களுக்கு நகருக்கான பயணம் இலகுவாகியது உண்மையே. ஆயினும் குறட்டைக்காக ஒருநாள் கூலியை இழந்து நகருக்கு வர எவரும் முன்வரார். ஆகவே பரிசோதனையே அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். சந்தேகத்துக்குரியோரை வீட்டிலேயே ஓரிரவு பரிசோதிக்கும் சிறு கருவிகள் இன்று உள்ளன. 1981 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் அறிமுகமான மூச்சுக் கருவியோ கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. தீவிர நோயாளருக்கேனும் அதனை இரவலாக வழங்கும் ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சு ஆராய வேண்டும். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்குக் கைகொடுக்கலாம்.

பாரிசவாதத்தால் உழைப்பாளி ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால் அக்குடும்பத்தின் வருமானமும் பிள்ளைகளின் கல்வியும் சேர்ந்தே வீழ்கின்றன. அதனைத் தடுப்பதற்கான முதற்படி, இரவில் கேட்கும் சத்தத்தை வைத்தியரிடம் சொல்வதேயாகும். மக்கள் அதனைச் சொல்லவும் வைத்தியத்துறை அதனைக் கேட்கவும் முன்வர வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.