கடிவாளத்தின் குற்றமும் குதிரையின் பழியும்

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். இன்றைய இளம் படைப்பாளிகளைப் பற்றிப் பேசவந்த மூத்தவர் ஒருவர் குதிரையை உவமையாக எடுத்துக்கொண்டார். கடிவாளம் பூட்டியதும் சில குதிரைகள் தலையை உதறும். சில நாக்கைக் கம்பிக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்ளும். சில கம்பியைப் பல்லால் கவ்விக்கொண்டு தறிகெட்டு ஓடும். இவை யாவும் கெட்ட பழக்கங்கள். இவற்றுக்கு ஒரே மருந்து முள் வைத்த கடிவாளம் என்றார். அரங்கம் கைதட்டியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாமும் தட்டினோம்.

இளம் படைப்பாளிகள் தமக்காகத் தாமே வாதாடிக்கொள்வார்கள். அவர்களுக்கு வாய் இருக்கிறது. அதில் கம்பி இல்லை. நம் வழக்கு அந்த உவமையின் மறுபாதியைப் பற்றியது. குதிரையைப் பற்றி அவர் சொன்னது உண்மைதானா? விலைவாசிக்குக் கடிவாளம், மனத்திற்குக் கடிவாளம், நாவிற்குக் கடிவாளம் என்று எழுதிப் பழகிய தமிழுலகில், குதிரைக்குக் கடிவாளம் போட்டால் என்ன நேர்கிறது என்று அதன் வாயைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? கடிவாளம் பூண்ட குதிரையின் கெட்ட பழக்கங்கள் என்று பட்டியலிடப்படுபவற்றில் பெரும்பகுதி பழக்கமே அன்று, வலிக்கு அந்த விலங்கு தரும் மறுமொழி என்பதே நம் வாதம். அதைத் திருத்த இன்னும் வன்மையான கடிவாளத்தைத் தேடுவது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு அழுகை நின்றது என்று மகிழ்வதற்கு ஒப்பாகும்.

முதலில் உடலமைப்பைப் பார்ப்போம். நம் வழக்கில் கடிவாளம் என்னும் சொல் தலைவார், வாய்க்கம்பி, கையில் பிடிக்கும் லகான் ஆகிய மூன்றையும் சேர்த்தே குறிக்கிறது. இங்கு நாம் பேசுவது வாய்க்கம்பியை. குதிரைக்கு முன்வரிசையில் வெட்டுப்பற்கள், பின்னே கடைவாய்ப்பற்கள். இரண்டிற்கும் நடுவே பல்லற்ற ஓர் இடைவெளி உண்டு. மனிதன் கண்டுகொண்ட வாசல் அது. கம்பி அங்கே நாக்கின் குறுக்காக, கீழ்த்தாடையின் ஈறுகளை ஒட்டிக் கிடக்கிறது. அவ்விடத்து ஈறு மெல்லியது. அதன் கீழே சதை இல்லை, எலும்பின் விளிம்புதான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் விளிம்பை ஓர் இரும்புக் கம்பியால் அழுத்திப் பார்ப்பவர் ஓரளவு இதை உணரலாம். தாடையின்கீழ்ச் சங்கிலியும் பக்கங்களில் நெம்புகோலும் உடைய கடிவாளமாயின், கை இழுக்கும் விசையைப் பன்மடங்காக்கி அதே எலும்பின்மேல் இறக்கிவிடும்.

இனி அந்தக் கெட்ட பழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

தலையை உயர்த்தி உதறுவது ஒன்று. தலை மேலே போனால் கம்பி ஈறிலிருந்து நழுவி வாயின் கடையோரத்திற்குப் போகிறது. எலும்பின்மேல் இருந்த அழுத்தம் உதட்டிற்கு மாறுகிறது. நாக்கைக் கம்பிக்கு மேலே போடுவது மற்றொன்று. கம்பிக்கும் ஈறுக்கும் நடுவில் மெத்தைபோல் கிடந்து நசுங்கிய நாக்கு, தன்னை விடுவித்துக்கொள்கிறது. விளைவாக ஈறு நேரடியாக அடிவாங்குகிறது. ஒரு வலிக்கு இன்னொரு வலியை விலையாகக் கொடுத்து வாங்கிய விடுதலை அது. மோவாயை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் குதிரை, கம்பியின் பிடிக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது. வாயைப் பிளப்பதும், பல்லை நறநறப்பதும், நாக்கைத் தொங்கவிடுவதும் இந்த வரிசையைச் சேர்ந்தவையே. இரும்புவாய் என்று வசைபெற்று, இழுப்பவன் கையின்மேல் பாரமாகச் சாயும் குதிரை, ஓயாத இழுப்புக்கு மரத்துப்போன குதிரை. எல்லாவற்றிலும் அஞ்சப்படுவது கம்பியைக் கவ்விக்கொண்டு ஓடுவது. குதிரை ஓடிப் பிழைக்கும் விலங்கு. புல்வெளியில் புலிக்கு ஓடியது, சாலையில் வலிக்கு ஓடுகிறது. இழுக்க இழுக்க வலி கூடும். வலி கூடக்கூட ஓட்டமும் கூடும்.

இவற்றுக்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் என்ன? வாயைத் திறந்தால் மூக்குவாரை இறுக்கு. நாக்கை எடுத்தால் நாக்கைக் கட்டு. தலையை உயர்த்தினால் கீழே இழுத்துக் கட்டு. ஓடினால் முறுக்குக் கம்பியோ முள்ளோ வைத்த கடிவாளம் போடு. ஒவ்வொரு வைத்தியமும் குதிரை கண்டுபிடித்த ஒரு வழியை அடைக்கிறது. வலியை அப்படியே விட்டுவிடுகிறது. அடைபட்ட குதிரை வேறு வழி தேடும். அதற்கும் ஒரு பெயர், ஒரு வைத்தியம். கடைசியில் வழியனைத்தும் அடைபட்டு அது அசையாமல் நிற்கும்போது, குதிரை பழகிவிட்டது என்கிறோம்.

இது மிகையுணர்ச்சி என்பவர்களுக்குச் சில எண்கள். 2019இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வொன்று, வண்டிப் பந்தயம் ஓடி முடித்த 261 குதிரைகளின் வாய்களைத் திறந்து பார்த்தது. கடிவாளம் படும் பகுதியில் புதிய காயம் கொண்டவை 84 விழுக்காடு. வாய்க்கு வெளியே இரத்தம் தெரிந்தவையோ மிகச் சில. பார்வையாளர் கண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். மூக்குவாருக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய பாடம். அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் போட்டிகளில் 750 குதிரைகளை அளந்து 2017இல் வெளியான ஆய்வில், அந்தப் பாடத்தின்படி கட்டப்பட்டிருந்தவை 7 விழுக்காடு. ஒரு விரல்கூட நுழையாதவை 44 விழுக்காடு. 2009இல் டென்மார்க்கில் ஒரு போட்டியின் முன்பயிற்சியில், நீலம் பாரித்த நாக்கு வெளியே தொங்க ஒரு குதிரை செலுத்தப்பட்ட காட்சி படமாகி உலகெங்கும் பரவியது. அந்தக் கூக்குரலின் பின்னரே, 2010இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு கூடி, வலிந்து கழுத்தை வளைக்கும் முறை ஏற்கத்தக்கதன்று என அறிவித்தது. இவர்கள் யாரும் ஏழைகள் அல்லர், அறியாதவர்களும் அல்லர்.

அப்படியானால் கம்பியை எதிர்க்கும் குதிரையை என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் வேலை, வாயைத் திறந்து பார்ப்பது. குதிரையின் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை. மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. ஆதலால் மேற்பற்களின் வெளியோரம் கத்திபோல் கூராகிக் கன்னத்தை அறுக்கும், கீழ்ப்பற்களின் உள்ளோரம் நாக்கை அறுக்கும். மூக்குவாரை இறுக்கினால் கன்னம் அந்தக் கத்தியின்மேலேயே அழுந்துகிறது. மருத்துவர் அரம் கொண்டு ராவிச் சமப்படுத்தினால் தீரும் துன்பம் இது. ஓநாய்ப்பல் என்று மேலைநாட்டார் வழங்கும் சிறு பல்லொன்று சில குதிரைகளுக்குக் கம்பி இடிக்கும் இடத்தருகில் முளைத்திருக்கும். அதையும் பார்க்க வேண்டும். அடுத்து, கம்பியின் அகலமும் தடிமனும் அந்த வாய்க்குப் பொருந்துகின்றனவா, சேணம் முதுகை உறுத்துகிறதா என்பவை. அதற்கும் அடுத்து, எல்லாவற்றிலும் பெரிய காரணமான மனிதனின் கை. இருக்கையில் சமநிலை கொள்ளாதவன் லகானைப் பிடித்தே தன்னை நிறுத்திக்கொள்கிறான். அவன் தடுமாற்றம் ஒவ்வொன்றும் ஈறுக்குப் போய்ச் சேர்கிறது. குதிரை இணங்கிய அந்த நொடியிலேயே கை தளர வேண்டும். இழுப்பு கட்டளை, தளர்வே பாடம். தளர்வை அறியாத கை எதையும் கற்பிப்பதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. வலி நீங்கிய பின்னும் சில குதிரைகள் பழைய செயலை விடா. அச்சம் நினைவில் தங்கிவிடும். அங்கே 'பழக்கம்' என்ற சொல் பொருந்தும். ஆனால் அதற்கும் மருந்து முள் அன்று. தரையில் நின்று, மெல்ல, முதலிலிருந்து கற்பிப்பது. வாய்க்கம்பி இல்லாத தலைவார் பலவற்றுக்கு உதவும். அதுவும் மந்திரமன்று. கொடிய கை மூக்கெலும்பின்மேல் கிடக்கும் வாராலும் துன்புறுத்தும்.

மறுப்புகளுக்கு வருவோம். ஓடும் குதிரை தெருவில் நாலு பேரை மிதித்தால் உங்கள் இரக்கம் உதவுமா என்பது முதல் மறுப்பு. உதவாது. முள் கடிவாளமும் உதவாது. மிரண்ட குதிரையின் எடைமுன் மனிதத் தோள்வலி எம்மாத்திரம்? நாலு பேரைக் காப்பது ஓட்டம் தொடங்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

முன்னோர் வழக்கு என்பது இரண்டாவது. குதிரையேற்றம் பற்றி 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நூல் எழுதிய கிரேக்கர் செனபோன் மென்மையானது, முரடானது என இரண்டு கடிவாளங்களை வைத்துக்கொள்ளச் சொன்னவர்தான். ஆனால் முரடானதில் பழக்கியபின் மென்மையானதைக் கொடுப்பதே அவர் நோக்கம். இணங்கிய குதிரைக்குக் கையைத் தளர்த்தச் சொன்னவரும், வற்புறுத்தலால் நிகழ்வதில் அழகில்லை என்று எழுதியவரும் அவரே. புளுடார்க் சொல்லும் அலெக்சாந்தர் கதையை நினையுங்கள். எவருக்கும் அடங்காத புசிபாலஸ் தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்று அந்தச் சிறுவன் கண்டுகொண்டான்; அதைச் சூரியனை நோக்கித் திருப்பினான்; ஏறியமர்ந்தபின் வாயைக் கிழிக்காமல் லகானைப் பிடித்தான். நம் தேசிங்குராஜனையும் அடங்காக் குதிரையை அடக்கிய வீரனாகவே கதைப்பாடல் கொண்டாடுகிறது. அது ஏன் அடங்கவில்லை என்று கேட்க நமக்குத் தோன்றியதில்லை. 1877இல் அன்னா சீவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவல் அந்தக் கேள்வியைக் குதிரையின் வாயாலேயே கேட்டது. கடிக்கும், உதைக்கும் எனப் பெயரெடுத்த ஜிஞ்சர் என்னும் குதிரை, கூரிய கம்பியும் தலையை உயர்த்திக் கட்டிய வாரும் தன்னை அப்படி ஆக்கின என்று சொல்வது அந்நூலின் உயிரான பகுதி.

மூன்றாவது மறுப்பையே நாம் மதிக்கிறோம். குதிரைக்காரன் ஏழை, பல்மருத்துவம் அவனுக்கு எட்டாது. சென்ற கோடையில் ஒரு மலைநகரில், வாய் கயிற்றால் கட்டப்பட்ட சவாரிக் குதிரையொன்றைக் கண்டோம். "நாக்க மேல போட்டுக்கும் சார், வாங்கும்போதே இந்தக் கெட்ட பழக்கம்" என்றார் உரிமையாளர். நாம் கேட்டதற்காக வாயைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் தடித்த பழைய வடு, மறுபக்கம் பச்சைப் புண். "இத நான் பாத்ததே இல்ல சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அன்று மாலை கம்பியைக் கழற்றிவிட்டுக் கழுத்துக்கயிற்றோடு அதை நடத்திப்போனார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. முள்ளற்ற கம்பி முள்வைத்ததைவிட விலை கூடியதன்று. அதைச் சொல்லித்தர ஆளில்லை என்பதே குறை. கூரிய முனையுடைய கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகள் இந்நாட்டில் தடைசெய்துள்ளன. ஆயினும் வட இந்தியத் திருமண ஊர்வலங்களில் முள் கடிவாளம் பூட்டிய குதிரைமேல் மாப்பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதையே ஓர் இலக்கிய மேடை மருந்தாகப் பரிந்துரைக்கிறது.

கடைசியாக நம் சொந்தக் கணக்கு. புறநானூற்றின் 4ஆம் பாட்டை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறோம். உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னியின் படையைப் பரணர் பாடியது. கறுழ் என்பது கடிவாளத்திற்குப் பழம்பெயர் என்று கரும்பலகையில் எழுதுவோம். அதனோடு பொருது சிவந்த குதிரையின் வாய், இரையின் கழுத்தைக் கவ்விய புலியின் வாய்போல் இருந்தது என்று உவமைநயம் சொல்வோம். சென்ற பருவத்தில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "புலி வாயில இருக்கிறது இரையோட இரத்தம். குதிரை வாயில இருக்கிறது யாரோடது ஐயா?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளில் அந்தக் கேள்வி நமக்கு வந்ததில்லை. பரணர் பார்த்திருக்கிறார், வாய் எதனால் சிவந்தது என்பதை ஒளிக்காமல் பாட்டிலேயே வைத்திருக்கிறார். உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிட்டவர்கள் நாம்.

அவளுக்கு அன்று விடை சொன்னோம்: குதிரையுடையதுதான், அம்மா. இனி அந்தப் பாட்டை அந்த விடையோடுதான் நடத்துவோம். நண்பர்களிடம் வேண்டுவது இதுவே. திருமணத்திற்குக் குதிரை பேசுமுன், மலைநகரில் பிள்ளையைச் சவாரிக்கு ஏற்றுமுன், அதன் வாய்க்குள் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள். மேடையில் எவரேனும் முள் கடிவாளத்தை மருந்தென்றால், அவர் பார்த்த குதிரை எது என்றும் கேளுங்கள். கைதட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.